மூன்றாம் ஓலை

சங்கு குளிக்கிற வள்ளத்தில் கடிகாரம் கிடையாது. மூச்சை அளப்பது பிரியதத்தத்தால்தான். மாதாவை நோக்கிச் சொல்லுகிற சின்ன ஜெபம் அது. கயிறு பிடிக்கிறவன் அதை அவசரப்படாமலும் இழுக்காமலும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பான். ஒன்று முடிந்ததும் கையிலுள்ள கயிற்றில் பெருவிரலை ஒரு தடவை அழுத்துவான். நல்ல குளியாள் ஐந்து பிரியதத்தம் அடியில் இருப்பான். ஆறு இருந்தால் ஊரில் பேசிக்கொள்வார்கள். ஏழாவது தொடங்கிவிட்டால் கீழேயிருந்து சைகை வராவிட்டாலும் இழுத்துவிட வேண்டும்.

ஹென்றி பதினோரு வருஷமாகக் கயிறு பிடிக்கிறவன். அதில் கடைசி ஆறு வருஷம் பர்னபாஸுக்குப் பிடிக்கிறான். பர்னபாஸ் அவன் மனைவி இசபெல்லாவின் தம்பி. இருபத்தாறு வயசு. வெளியூர் ஆள் யாரை வேண்டுமானாலும் கயிறு பிடிக்க வைப்பான். இந்தக் கரையில் அக்காள் மாப்பிள்ளையைத்தான் வைப்பார்கள். மச்சினன் செத்தால் வீட்டில் யார் முகத்தில் விழிப்பது என்கிற பயம் அவனுக்குத்தானே இருக்கும்?

பிடிக்கிற கயிறு இரண்டு. ஒன்றில் கல். குளியாள் கல்லின் மேலுள்ள வளையத்தில் பாதத்தை நுழைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, சரசரவென்று எட்டுப் பாகம், அதாவது எட்டு ஆள் ஆழம், இறங்கிவிடுவான். தரை தட்டியதும் காலை எடுத்துவிடுவான், கல்லை மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கயிறு அவன் இடுப்பில். அந்தக் கயிறு பேசும். ஆள் நடந்தால் மெல்ல அலையும். குனிந்து மணலுக்குள்ளிருந்து சங்கைத் தோண்டினால் இரண்டு தடவை துடிக்கும். 'தூக்கு' என்பதற்கு ஒரே நீள இழுப்பு. கண்ணை மூடிக்கொண்டே ஹென்றி பர்னபாஸ் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறான் என்று சொல்லிவிடுவான்.

யுத்தம் முடிந்த மறுவருஷம், மாசி மாசம். அன்று புதன்கிழமை. காலையில் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், சூரியன் ஒரு பனை உயரம் ஏறியிருந்தபோது வேலை தொடங்கியது. பர்னபாஸ் மூன்றாம் முறை இறங்கினான். ஹென்றி எண்ணினான். ஒன்று. இரண்டு. மூன்றாவது பாதியில் கயிறு துடித்தது. அது சங்கு எடுக்கிற துடிப்பு இல்லை. கொக்கியில் மாட்டிய மீன் துடிப்பது போல இருந்தது.

ஹென்றி கைமாற்றிக் கைமாற்றி இழுத்தான். பர்னபாஸ் மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடிக்க முடியாமல் நழுவினான். முடியைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. கெண்டைக்கால் கல்லாகத் திரண்டு நின்றது. மூக்கிலிருந்து ரத்தம் உதட்டுக்கு இறங்கியது. பையில் ஒரே ஒரு சங்கு.

"என்ன வே தொம்மை, புதுமாப்பிள்ளைக்கு இப்பமே காலு நடுங்குது!" என்றான் அடுத்த கயிற்றுக்காரன்.

வள்ளத்தை நடத்துகிற தண்டல் தொம்மை சுக்கான் கட்டையில் சாய்ந்தபடி சிரித்தார். "அடுத்த வாரம் கலியாணம்லா. அடியில முத்துச்சிப்பி எல்லாம் பொண்ணு மூஞ்சியாத் தெரியுதோ என்னவோ."

எல்லோரும் சிரித்தார்கள். பர்னபாஸ் சிரிக்கவில்லை. ஹென்றி அவன் கெண்டைக்காலைப் பிடித்து உருவிவிட்டான். போன மாசம் ஐந்து. இரண்டு வாரம் முன்னால் நாலு. இப்போது மூன்றுகூட இல்லை. கயிறு பொய் சொல்லாது.

மத்தியானம் கடல்காற்று எழுந்ததும் வள்ளங்கள் திரும்பின. சர்க்கார் மீன் துறைக் கொட்டகையில் சங்குகளை எண்ணி எடுப்பார்கள். அங்கே ஒரு பலகையில் வட்டத் துளை போட்டிருக்கும். ஒவ்வொரு சங்கையும் அதில் விட்டுப் பார்ப்பார்கள். துளைக்குள் நுழைந்து விழுந்துவிட்டால் அது சின்னது, கடலுக்கே திரும்பப் போய்விடும். நுழையாமல் நின்றால் வங்காளத்துக்கு, வளையல் அறுக்க. பர்னபாஸின் சங்கு நின்றது. அவன்தான் நிற்க முடியாமல் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

*

வீட்டில் இன்னொரு இடி காத்திருந்தது.

கித்தேரியம்மாள், பர்னபாஸின் தாய், குசினி வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இசபெல்லா அடுப்பை ஊதிக்கொண்டே ஹென்றியிடம் சொன்னாள்.

"காலையில வள்ளத்துக்குப் போறதுக்கு முந்தி அம்மைகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கான். கலியாணம் வேண்டாமாம்."

"ஏன்னு கேட்டியளா?"

"கேட்டா வாயைத் தெறக்கணுமே! வேற எவளையும் பாத்து வச்சிருக்கியாலேன்னு அம்மை கேட்டா. மாதா மேல ஆணையா இல்லேங்கான். பொண்ணு பிடிக்கலியான்னா, ஆக்னஸுக்கு என்ன குறைச்சல்ங்கான். பொறவு என்னதாம்லேன்னா, எந்திரிச்சுப் போயிட்டான்."

"எம் பிள்ளைக்கு யாரோ செய்வினை வச்சிட்டாவ" என்றாள் கித்தேரியம்மாள். "ஒரு மாசமா ஒருசந்தி இருக்கான். உப்பு இல்லே, புளி இல்லே, மீன் இல்லே. நான் என் பிள்ளை கலியாணத்துக்கு எப்பிடி பக்தியா ஒருங்குதான் பாருன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். இப்பம் அதே தெருவுல எப்பிடி நடப்பேன்?"

கத்தோலிக்கக் குடும்பத்தில் கலியாணம் என்றால் தேதி குறித்தவுடன் நடந்துவிடுவதில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகன் இன்னாரும் இன்னார் மகள் இன்னாரும் கலியாணம் செய்யப் போகிறார்கள், இதற்கு விக்கினம் ஏதாவது தெரிந்தவர்கள் சாமியாரிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் கோயில் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் வாசிப்பார். நெருங்கின ரத்த உறவு, ஏற்கெனவே ஒரு கலியாணம், இப்படிப்பட்ட தடைகள் வெளியே வரட்டும் என்பதற்காக ஏற்பட்டது அது. இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. இங்கேயும் வாசித்தார்கள், பெண்ணின் ஊரான வீரபாண்டியன்பட்டணத்திலும் வாசித்தார்கள். மூன்றாவது வருகிற ஞாயிறு.

"ரெண்டு ஓலைக்குப் பொறவு நின்னு போனா அந்தப் புள்ளையை எவன் கட்டுவான்?" என்றாள் இசபெல்லா. "பொண்ணுகிட்டதான் என்னமோ இருக்குன்னு சொல்லுவாவ. அவனுக்கு ஒண்ணுமில்லே, அடுத்த வருசம் வேற கட்டிக்கிடுவான். நீங்க பேசுங்க. உங்ககிட்டதான் சொல்லுவான்."

தட்டில் சாளைமீன் குழம்பு ஊற்றி வைத்திருந்தாள். பர்னபாஸ் உள்ளே வந்து, தட்டைத் தள்ளிவிட்டு, வெறும் சோற்றில் மோர் விட்டுப் பிசைந்தான். உப்புச் சட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள் அக்காள். அவன் அதைத் திருப்பி நகர்த்தினான். ஹென்றி பார்த்துக்கொண்டிருந்தான்.

*

கயிற்றை நனைந்தபடி சுருட்டி வைத்தால் இற்றுப்போகும். தினமும் சாயங்காலம் மணலில் நீளவாக்கில் விரித்து, முறுக்கு விட்ட இடங்களைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு முனையில் ஹென்றி, மறுமுனையில் பர்னபாஸ். நடுவில் எட்டுப் பாகம். தடவிக்கொண்டே இருவரும் நெருங்கி வருவார்கள்.

"ஏலே, நேரா கேக்கேன். ஒனக்கு ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லே அத்தான்."

"மூணு பிரியதத்தம் இல்லே இன்னைக்கு. நான் உன் கயித்தைப் பிடிக்கிறவன். எங்கிட்டயே ஒண்ணுமில்லேங்கியே."

பர்னபாஸ் கயிற்றைக் கீழே விட்டான். பிறகு மடியிலிருந்து நாலாக மடித்த ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினான். மடிப்புகளில் காகிதம் கிழிந்திருந்தது.

புருஷ சஞ்சீவி லேகியம் என்று மேலே பெரிய எழுத்து. கீழே ஒரு எலும்புக்கூடு போன்ற மனிதன், பக்கத்தில் தொடை தட்டி நிற்கிற பயில்வான். வாலிபர்களே என்று கூப்பிட்டு, கைப்பழக்கம் என்னும் துர்ப்பழக்கத்தால் நாசமானவர்களே என்று தொடர்ந்தது. நாற்பது சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்து ஆகிறது என்றது. அப்படிப்பட்டவன் கலியாணம் செய்வது ஒரு பெண்ணைக் கிணற்றில் தள்ளுவதற்குச் சமம் என்றது. பிறகு இருபத்திரண்டு குறிகள். எழுந்தால் கண் இருட்டுகிறதா? கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறதா? மூச்சு முட்டுகிறதா? எதிலும் மனம் செல்லவில்லையா?

ஹென்றி ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தான். கடைசியில் பத்தியம் போட்டிருந்தது. ஒரு மண்டலம் உப்பு, புளி, மீன், மாமிசம் விலக்கு.

"எப்பம் வாங்கினே?"

"கலியாணம் பேசி முடிச்ச அன்னைக்கே எழுதிப் போட்டேன். அப்பம் இதுல ஒரு குறிதான் எனக்கு இருந்துச்சு. காலையில எந்திரிக்க அசதியா இருக்கும், அது ஒண்ணு. இப்பம் பாருங்க அத்தான், பதினாலு குறி வந்துட்டு. காலு இழுக்குது. கண்ணு இருட்டுது. மூக்குல ரத்தம்."

"மூக்குல ரத்தம் வராத குளியாளு எவம்லே இருக்கான்?"

"அது சரி. ஆனா மூச்சு? நீங்கதானே எண்ணுதீய." அவன் குரல் இறங்கியது. "பாவசங்கீர்த்தனத்துல மோகபாவம் செய்யாதேங்கிற ஆறாம் கற்பனைக்கு விரோதமா பாவம் செஞ்சேன் சாமின்னு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! சாமியும் மன்னிப்பு கொடுப்பாரு. பொறவும் வரும். மறுபடி சொல்லுவேன். ஆத்துமத்துக்கு மன்னிப்பு உண்டு அத்தான். ஒடம்பு மன்னிக்காதுன்னு இப்பமுல்லா தெரியுது."

"அதுக்காவ கலியாணம் வேண்டாமா?"

"அம்மைகிட்ட வேண்டாம்னுதான் சொன்னேன். காரணம் அவகிட்ட எப்பிடிச் சொல்ல? ஞாயித்துக்கிழமை சாமி வாசிச்சதும் எந்திரிச்சுச் சொல்லப் போறேன்."

"என்னன்னு?"

"விக்கினம் தெரிஞ்சவங்க அறிவிக்கக் கடமைன்னு ரெண்டு தரமும் வாசிச்சாருல்லா? என் விக்கினம் எனக்குத்தானே தெரியும்? நான் சொல்லாட்டா வேற யாரு சொல்லுவா? பெரியகோயில்ல அத்தனை பேரு முன்னால என் ஒடம்பு கெட்டுப்போச்சு, பொண்ணு மேல குத்தம் இல்லேன்னு சொல்லிட்டா ஆக்னஸ் பேரு கெடாது. எல்லாம் யோசிச்சுட்டேன்."

ஓலை வாசிக்கிற வழக்கம் வந்த நாளிலிருந்து எவனெவனோ எழுந்து விக்கினம் சொல்லியிருக்கலாம். தன் கலியாணத்துக்குத் தானே எழுந்து நின்று விக்கினம் சொன்ன மாப்பிள்ளை இருந்திருக்க மாட்டான். அதிலும் பையன் பைத்தியமாகப் பேசவில்லை. ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று நிதானமாக, நேர்மையாகப் பேசுகிறான். அதுதான் ஹென்றிக்குப் பயமாக இருந்தது.

"மாப்ள, இது எல்லாருக்கும் உள்ளதுலே. வெளியில சொல்ல மாட்டான், அவ்வளவுதான். இந்தக் கரையில உள்ள அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னா சாமியாருக்கு ஓலை வாசிக்க வேலையே இருக்காது. ஏன், நானுந்தான்."

பர்னபாஸ் நிமிர்ந்து பார்த்தான். நம்பாத பார்வை. பிறகு ரொம்ப மெதுவாக, புண்படுத்த நினைக்காதவன் போல, கேட்டான்.

"அப்பம் அக்காவுக்கு ஏன் அத்தான் பிள்ளை இல்லே?"

ஆறு வருஷமாக ஹென்றி தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. கலியாணத்துக்கு முதல் நாள் அவனும் பாவசங்கீர்த்தனம் செய்தவன்தான். அவனுக்கும் ஆத்துமம் வெளுத்தது, உடம்பு வெளுத்ததா என்ற சந்தேகம் நின்றுவிட்டது. இசபெல்லா மாதா மாதம் ஒருநாள் முகம் வாடி உட்கார்ந்திருக்கும்போது அவன் கடற்கரைக்கு எழுந்து வந்துவிடுவான். ஒரு வார்த்தை அவளிடம் சொன்னதில்லை.

*

அன்று இருட்டுவதற்குள் ஹென்றி ஆறுமுகநயினார் கடைக்குப் போனான். கடல் தெருவுக்குள் கயிறு, அரிசி, கருப்பட்டி, மண்ணெண்ணெய் எல்லாம் விற்கிற கடை. நோட்டீஸின் பின்பக்கத்தில் அந்தக் கடை விலாசம்தான் பென்சிலில் எழுதியிருந்தது.

"வாரும் ஹென்றி. கயிறா?"

"கயிறு இல்லே அண்ணாச்சி. பர்னபாஸுக்கு ஒரு பார்சல்…"

நயினார் கடைப்பையனைத் தவிடு அளக்க அனுப்பிவிட்டுக் குரலைத் தணித்தார். "வந்தது. வீட்டுக்கு வந்தா தெரிஞ்சிரும்னு இங்கன வரவழைச்சான். அட்டையைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிட்டு. எனக்கும் வந்த அட்டைதானே!"

"உங்களுக்குமா?"

"இருபத்திரண்டு வயசுல. சிலம்பம் படிச்சேன் அப்பம். ஒடம்புல உள்ள சத்து இறங்கினா கம்பு கையில நிக்காதும்பாரு ஆசான். அன்னைக்குன்னு பாத்து என் கம்பு கீழ விழுந்துச்சு. அவ்வளவுதான், அன்னைக்கே எழுதிப்போட்டேன். உங்க ஆளுகளுக்குக் கொஞ்சம் வசதி வே. சாமியார்கிட்டப் போயி முட்டுக்குத்திச் சொன்னா ஒரு ஜெபத்தைச் சொல்லுங்காரு, முடிஞ்சது. எங்க ஆளு எங்க போயிச் சொல்லுவான்? திருச்செந்தூர் முருகனுக்கு ரெண்டு பொண்டாட்டி, அவருகிட்டப் போயி இதைச் சொல்ல முடியுமா? அதான் வைத்தியனுக்கு எழுதுதான்."

ஹென்றிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "லேகியம் கேட்டுதா?"

"பத்தொம்பது நாளு தின்னேன். இருபதாம் நாளு எங்கம்மை நெத்திலிக் கருவாடு வறுத்தா. பத்தியமும் போச்சு, வைத்தியமும் போச்சு. பொறவு ஏழு பிள்ளை."

ஏழு என்ற சொல் ஹென்றியின் நெஞ்சில் தட்டியது. அவன் தயங்கிக் கேட்டான். "அண்ணாச்சி, பிள்ளை இல்லாம போறதுக்கும் இதுக்கும்…?"

நயினார் அவனைப் பார்த்தார். யாருக்காகக் கேட்கிறான் என்பது அவருக்குப் புரிந்தது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. "என் தங்கச்சி மாப்பிள்ளை சிவனாண்டியைத் தெரியும்லா? கோயில்ல சாமி ஆடுத கொண்டாடி, எப்பமும் விரதம். ஈரத்துணி மாதிரி சுத்தம். அவனுக்கும் இல்லே. அது வேற கதவு வே, வேற சாவி. அதையும் இதையும் முடிச்சுப் போடாதேயும்."

ஹென்றி பெருமூச்சு விட்டான். "இவனுக்கு மூச்சு நிக்க மாட்டேங்குது அண்ணாச்சி. காலு இழுக்குது. அது மட்டும் நெசம். கயிறு காட்டுது."

"என்ன திங்கான்?"

"வெறுஞ்சோறும் மோரும். உப்பு கிடையாது."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசத்துக்கு மேல."

நயினார் எழுந்தே நின்றுவிட்டார். "உப்பில்லாமலா கடலுக்குப் போறான்? எங்க மச்சான் உப்பளத்துல போன வைகாசியில நடந்ததைக் கேளும். அய்யாக்குட்டின்னு ஒரு ஆளு. உப்பு வாருவான், மலை மாதிரி இருப்பான். விசாகத்துக்கு உப்பில்லா விரதம் இருந்துட்டு நேரா அளத்துக்கு வந்துட்டான். மூணாம் நாளு பாத்தியிலயே சுருண்டு விழுந்தான். ரெண்டு கெண்டைக்காலும் பந்து மாதிரி திரண்டுட்டு. சாமி குத்தம், காத்துக்கருப்புன்னு எல்லாரும் ஓடுதான். கங்காணி கெழவன் பானையில நீச்சத்தண்ணி எடுத்து, காலுக்கடியில கெடந்த உப்பையே ஒரு பிடி அள்ளிக் கரைச்சு வாயில ஊத்துனான். ஒரு நாழிகையில அய்யாக்குட்டி எந்திரிச்சு உக்காந்து, கஞ்சி இருக்கான்னு கேட்டான்."

"உப்பா?"

"வேர்வையை நக்கிப் பாத்திருக்கீரா? என்ன ருசி அது? உள்ள உள்ள உப்பு வெளிய போவுது. போனதை உள்ள போடாட்டா சதை இழுக்காதா? அளத்துக்காரன் கஞ்சியில நாம போடுததைவிட ரெண்டு பங்கு போடுவான், ஏன்னு நெனைச்சீரு?"

ஹென்றி நோட்டீஸை மறுபடி பிரித்தான். இருபத்திரண்டு குறிகளையும் பார்த்தான், அடியிலுள்ள பத்தியத்தையும் பார்த்தான். இறால் பிடிக்கிற பறி அவன் நினைவுக்கு வந்தது. வாய் அகலம். உள்ளே போகப் போகக் குறுகும். போன இறால் பின்னால் வர முடியாது, முன்னால்தான் போகும். ஒரு குறியோடு போனவனைப் பத்தியம் பதினாலு குறியாக்கிவிடுகிறது. பதினாலைப் பார்த்துப் பயந்தவன் பத்தியத்தை இன்னும் இறுக்குகிறான். செய்தவன் கெட்டிக்காரன்தான். ஹென்றிக்குக் கோபத்தோடு ஒரு மரியாதையும் வந்தது.

*

வியாழக்கிழமை விடிவதற்குள் இசபெல்லாவிடம் சொல்லிக் கஞ்சிக்கலயத்தில் கைநிறைய உப்புப் போடச் செய்தான். "ஏன்னு கேக்காதே" என்றான். அவள் கேட்கவில்லை, ஆனால் கேட்காமல் இருப்பதை முகத்தில் காட்டினாள்.

கடற்கரையில் கலயத்தை பர்னபாஸிடம் நீட்டினான்.

"பத்தியம் அத்தான். இன்னும் பத்து நாளு இருக்கு."

"சனிக்கிழமை வரைக்கும் உப்பு தின்னு. மீனும் தின்னு. சனிக்கிழமைக்குள்ள அஞ்சு பிரியதத்தம் வரலேன்னா, ஞாயித்துக்கிழமை நீ எந்திரிக்கையில நானும் கூட எந்திரிச்சு நிப்பேன். எனக்கும் அதே விக்கினம்னு சொல்லுதேன்."

"நெசமாவா?"

"நெசமா."

பர்னபாஸ் யோசித்தான். அவனோடு ஒருவன் நிற்கிறேன் என்று சொன்னது அவனை அசைத்துவிட்டது. ஆனாலும் அவன் லேசுப்பட்டவன் அல்ல. "அஞ்சு வந்துட்டா? அப்பம் நான் வாயை மூடணும். நீங்க என்ன செய்வீய?"

"நான் என்ன செய்யணும்?"

"நேத்து எங்கிட்டச் சொன்னீயல்லா, நானுந்தான்னு. அதை அக்காகிட்டச் சொல்லணும்."

ஹென்றி கடலைப் பார்த்தான். கோயில் நிறைந்த கூட்டத்தில் எழுந்து நிற்பது எளிது என்று தோன்றியது.

"சரிலே. குடி."

முதல் மிடறு உள்ளே போனதும் பர்னபாஸின் கண் தானாக மூடிக்கொண்டது. கலயத்தை இறக்காமல் குடித்து, அடியில் ஒட்டிய பருக்கையை விரலால் வழித்தான். ஒரு மாசத்துக்குப் பிறகு உப்பு. ஹென்றிக்குக் கிடைத்த முதல் நம்பிக்கை அந்த விரல்தான்.

அன்று மூன்று. ஆனால் கால் இழுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் பர்னபாஸ் விளைமீன் குழம்பில் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். கித்தேரியம்மாள் ஒருசந்தியை முறித்துவிட்டானே என்று பதறினாள், பிறகு தானே நாலாம் தடவையும் போட்டாள். அன்று காலை அடியில் நாலு, நாலும் முழுசாக.

சனிக்கிழமை கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. நீரோட்டம் இல்லை.

"அத்தான், நீங்க வேகமா எண்ணிருவீய" என்றான் பர்னபாஸ் கல் வளையத்தில் காலை நுழைத்தபடி. "நானும் அடியில எண்ணுதேன். ரெண்டும் ஒத்து வரணும்."

"போலே."

கல் இறங்கியது. கயிறு அவன் விரல்களுக்கிடையில் ஓடி, நின்றது. ஹென்றி கல்லை இழுத்துவிட்டு எண்ணத் தொடங்கினான். வேகமாக எண்ணத்தான் ஆசை வந்தது. அதனால் வேண்டுமென்றே ஒவ்வொரு வார்த்தைக்கும் இடம் விட்டுச் சொன்னான். ஒன்று. கயிறு மெல்ல அலைந்தது, நடக்கிறான். இரண்டு. இரண்டு துடிப்பு, ஒரு சங்கு. மூன்று. இன்னும் இரண்டு துடிப்பு. நாலு. கயிறு அமைதியாக இருந்தது. ஹென்றிக்கு உள்ளங்கை வேர்த்தது. இது உப்பு, என்று நினைத்தான். ஐந்து தொடங்கியது. நடுவில் இன்னொரு சங்கு. ஐந்து முடிந்தது. ஆறாவதில் நாலு வார்த்தை போயிருக்கும், நீளமாக, நிதானமாக, ஒரே ஒரு இழுப்பு வந்தது.

பர்னபாஸ் தலையை வெளியே நீட்டி, நீரைக் கொப்பளித்து, ஹென்றி வாய் திறப்பதற்கு முன் கையை உயர்த்தினான். ஐந்து விரலும் விரிந்திருந்தன.

தொம்மை பையைத் தூக்கிப் பார்த்தார். "மூணு சங்கு! ஏலே, நேத்து வரைக்கும் சீக்காளி மாதிரி கெடந்தான். என்னத்தைக் கொடுத்தீரு வே இவனுக்கு?"

"கஞ்சி" என்றான் ஹென்றி.

*

சாயங்காலம் பர்னபாஸ் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். ஹென்றி கோயிலுக்கு வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் காத்திருந்தான். உள்ளே போனவன் வர நேரமானது. வந்தபோது முகம் கழுவினது போலிருந்தது.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். இது கலியாணத்துக்கு விக்கினமா சாமின்னும் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"பாவம் பாவந்தான், அதுல மாத்தமில்லே, விடப் பாரு, விழுந்தா எந்திரிச்சு வான்னாரு. ஆனா விக்கினங்களுக்குன்னு திருச்சபை எழுதி வச்சிருக்கு, அதுல இது இல்லேன்னாரு. அப்பம் அந்த நோட்டீஸ்ல போட்டிருக்கேன்னேன். அதை எந்தத் திருச்சபை எழுதிச்சுன்னு கேட்டாரு."

"அபராத ஜெபம் என்ன கொடுத்தாரு?"

பர்னபாஸ் சிரித்தான். ஒரு மாசத்தில் ஹென்றி பார்க்கிற முதல் சிரிப்பு. "அஞ்சு பிரியதத்தம். ஒரே மூச்சுதான் அத்தான்."

ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஹென்றி பர்னபாஸின் தோளோடு தோளாக நின்றான். சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்தார். விக்கினம் தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்து, வழக்கம் போல் ஒரு கணம் நிறுத்தினார். யாரோ ஒரு குழந்தை இருமியது. ஹென்றி பழக்கத்தில் எண்ண ஆரம்பித்துவிட்டான். ஒரு பிரியதத்தம் பாதிகூட ஆகவில்லை, சாமியார் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். பெண்கள் பக்கத்தில் கித்தேரியம்மாள் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கோயில் படியில் இறங்கும்போது பர்னபாஸ் கேட்டான். "அத்தான், பந்தயம் ஞாபகம் இருக்கா?"

"இருக்குலே. போ."

*

இசபெல்லா குசினியில் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். ஹென்றி நிலைப்படியில் உட்கார்ந்தான். மச்சினன் கதையை முதலில் சொன்னான், நோட்டீஸ், லேகியம், உப்பு எல்லாம். அவள் அரைப்பதை நிறுத்தாமல் கேட்டாள். இடையில் "பைத்தியக்காரப் பய" என்றாள். பிறகு அவன் தன் கதைக்கு வந்தான். அது நாலே வாக்கியம். நாலாவது வாக்கியம் முடிந்தபோது அம்மிக்குழவி நின்றிருந்தது.

"ஆறு வருசமா?" என்றாள் அவள்.

"ஆறு வருசமா."

"பிள்ளை இல்லாதது உங்களாலதான்னு நெனைச்சுட்டா இருந்தீய?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலே."

"எப்பிடிச் சொல்ல?"

அவள் மிளகாய்க் கையோடு எழுந்து நின்றாள். "நான் மாசாமாசம் கோயில் முத்தத்துல முட்டாலே நடந்தேனே, அது தெரியுமா உங்களுக்கு? மணப்பாட்டுச் சிலுவைக்கு நடந்தே போனேனே, அது தெரியுமா? சின்னப்பிள்ளையில ஒரு பூனைக்குட்டியைத் தண்ணித்தொட்டியில தவற விட்டுட்டேன், செத்துப்போச்சு. அந்தப் பாவந்தான் என் வயித்தை அடைச்சிட்டுன்னு ஆறு வருசமா நெனைச்சுக்கிட்டிருக்கேன்!"

ஹென்றி அவளைப் பார்த்தான். "பூனைக்குட்டியா?"

"பூனைக்குட்டிதான். சிரிச்சீயன்னா இந்தக் கையாலேயே மூஞ்சில தேச்சிருவேன்."

அவன் சிரிக்கவில்லை. சிரிப்பு அவளிடமிருந்துதான் முதலில் வந்தது. கண்ணீரும் கூடவே வந்தது. மிளகாய்க் கை என்பதால் துடைக்க முடியவில்லை. அவன் எழுந்து தன் வேஷ்டி முனையால் துடைத்துவிட்டான். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஆறு வருஷமாக ஒரே கல்லைத் தனித்தனியாகக் கட்டிக்கொண்டு அடியில் நின்றிருக்கிறார்கள், ஒருவர் கயிற்றை ஒருவர் பிடிக்காமலே.

"நயினார் அண்ணாச்சி சொன்னாரு, அது வேற கதவு, வேற சாவின்னு" என்றான் ஹென்றி.

"தெறக்கும்போது தெறக்கட்டும். தெறக்காட்டாலும் இனிமே வாசல்ல தனியா நிக்க வேண்டாம்லா." அவள் அரைத்த விழுதைச் சட்டியில் வழித்துப் போட்டாள். அடுப்பில் குழம்பு பொங்கி எழுந்து, மீன் வாசம் குசினியை நிறைத்தது. வெளியே பர்னபாஸ் தாயிடம் பசிக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தான்.

அவள் அகப்பையில் கொஞ்சம் குழம்பை எடுத்து, ஊதி, அவன் உள்ளங்கையில் விட்டாள்.

"உப்பு பாத்துச் சொல்லுங்க."

அவன் நக்கிப் பார்த்தான்.

"இன்னுங் கொஞ்சம் போடு."